சாட்சி வட்டு

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஓட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. திரையின் மூலையில் முப்பது என்னும் எண் நின்றது. அந்த ஆறு மணி நேரத்தில் செப்புப் பெட்டியின் வெப்பநிலை எவ்வளவு அலைந்தது என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு டிகிரியை நூறு கோடித் துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டுக்கு நானோ என்று பெயர். பெட்டி முப்பது துண்டுக்கு மேல் நகரவில்லை. ஒப்பந்தம் கேட்டதோ நூறு.

வெப்ப அளவைப் பிரிவில் நான்கு மணித் தேநீர் அன்று இரண்டேகாலுக்கே வந்துவிட்டது. பிரிவுத் தலைவர் கோப்பைகளைத் தம் கையாலேயே எடுத்து நீட்டினார். தம் கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள் மேலிடத்துக்குத் தொலைபேசியில் செய்தியையும் சொல்லிவிட்டார். சோதனை அதிகாரி வருவதற்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. பெட்டியைக் கேட்டிருந்தவர்கள் ஒரு கடிகார ஆய்வகத்தார். அவர்களுடைய கடிகாரத்துக்குள் ஒரு சாண் நீளத்தில் கண்ணாடித் தண்டு ஒன்று உண்டு. சூட்டில் அது நூலிழையின் கோடியில் ஒரு பங்கு நீண்டாலும் கடிகாரம் நேரம் தவறிவிடும். அந்தத் தண்டு குடியிருப்பதற்காகவே பெட்டியின் நடுவில் ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

பெட்டியை வடிவமைத்தவள் பிரிவின் பொறியாளர், நாற்பத்தாறு வயதுக்காரி. மணி என்ன என்று கேட்டால் "மூணு இருபத்திரண்டரை" என்பாள். அதனால் பிரிவில் அவளுக்குத் தசமம் என்று பெயர். அவள் காதுபடவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். சான்றிதழில் விழவேண்டிய கையெழுத்து அவளுடையது. இருபது ஆண்டுப் பணியில் அவள் கையெழுத்திட்ட எந்த எண்ணும் தவறென்று திரும்பி வந்ததில்லை. அதைப் பெருமையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாளும் மறந்ததுமில்லை.

பெட்டிக்குள் இருக்கும் படிக வட்டைச் செய்தவர் மெருகுக்காரர். தேய்த்துத் தேய்த்து அவர் விரல்நுனிகளில் ரேகை அழிந்துவிட்டது. அலுவலக வாசலில் விரல் வைக்கும் எந்திரம் அவரை இன்றுவரை அடையாளம் கண்டதில்லை. அவர் மட்டும் தேநீரைத் தொடாமல் திரையை எட்டிப் பார்த்தார்.

"போன மாசம் முன்னூறு. கட்டுப்பாட்டை இறுக்கினீங்க, எண்பது. இன்னும் இறுக்கினீங்க, முப்பது. இப்படியே போனா அடுத்த வாரம் சைபருக்குக் கீழ போயிடும் போலிருக்கே, தசமம் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அந்தச் சிரிப்பு அவளுக்கு உறுத்தியது. உலகத்தில் எந்த அளவும் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்குக் கீழே போக விடாது. இந்த எண் எங்கும் முட்டவில்லை. இறுக்கிய அளவுக்குச் சொன்னபடி கேட்டது. அவ்வளவு பணிவு அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டின் முன்னறையில் நாத்தனாரின் தையல் கடை. அவள் கணவர் ரயில் ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். அதனால் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பெண்களும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தையல் எந்திரமும்தான். அன்று எந்திரம் ஓடவில்லை. வெள்ளை மேலங்கிகள் தரையிலிருந்து நாற்காலிவரை குவிந்து கிடந்தன. ஒரு மருத்துவமனைக்குத் தைத்துக் கொடுத்த எண்பத்துநான்கு அங்கிகள் அப்படியே திரும்பி வந்திருந்தன. கை நீளமாக இருக்கிறதாம். மணிக்கட்டைத் தாண்டி விழுவதால் மேலே கையுறை மாட்ட முடியவில்லையாம்.

நாத்தனார் கொதித்துக்கொண்டிருந்தார். "எண்பத்துநாலையும் நானே அளந்தேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா அளந்தேன். இருபத்துமூணுன்னா இருபத்துமூணு. அளக்கத் தெரியாதவங்ககிட்ட ஆர்டர் எடுத்தா இப்படித்தான்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்தாள். அது எப்போதும் பையில் இருக்கும். நாத்தனாரின் நாடாவை மேசைமேல் நீட்டி, அளவுகோலைப் பக்கத்தில் இருமுறை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். நாடா இருபத்துமூன்று என்று சொன்ன இடத்தில் எஃகு இருபத்துமூன்றரை என்றது.

நாத்தனார் குனிந்து பார்த்தார். பிறகு நாடாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கு, சனியன். நீ ஏன் அப்படியே சிலை மாதிரி நிக்கறே? உக்காரு. கையெல்லாம் பிரிக்கணும்."

அவள் உட்கார்ந்தாள். பதினொரு கைகளைப் பிரித்துப் போட்டாள். பன்னிரண்டாவதில் நூலை இழுத்துக்கொண்டே, "வெட்டினதும் இதே நாடாதானே, அக்கா? சரிபார்த்ததும் இதேதானே?" என்றாள்.

"அதைத்தானே சொல்றேன். இதை வெச்சுப் பார்த்தா சரியாத்தான் இருக்கும். நான் செத்துப்போற வரைக்கும் சரியாத்தான் இருக்கும்."

அவள் கையிலிருந்த ஊசி நின்றது.

படிக வட்டு சட்டைப் பொத்தான் அளவுதான். அதன் விளிம்புக்குள் இரண்டு நிற ஒளி ஓயாமல் சுற்றும். வட்டில் வெப்பம் கூடினால் இரண்டு நிறங்களும் தம் சுருதியை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒரே அளவில் மாற்றிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் இடையில் விழும் வித்தியாசமே வெப்பநிலை. பாதரசமோ மின்கம்பியோ கனவிலும் காண முடியாத நுட்பம் அது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கட்டுப்பாட்டுக் கருவி பெட்டியைச் சூடாக்கும், குளிர விடும். வித்தியாசம் மாறாமலிருந்தால் எல்லாம் நலம் என்று பொருள். அந்த நலத்தைத் திரையில் எண்ணாகக் காட்டியதும் அதே வட்டுதான். வெட்டிய நாடாவே சரிபார்த்திருக்கிறது. கட்டுப்பாட்டை இறுக்கினால் வட்டு இன்னும் அசையாமல் நிற்கும். வட்டைக் கேட்டால் ஆமாம், அசையவில்லை என்று சொல்லும். நடுவில், கண்ணாடித் தண்டு வந்து உட்காரப்போகும் அந்தக் காலி இடத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் இதுவரை கேட்டதே இல்லை.

மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை இது. அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனவள் நாற்காலியில் உட்காரவில்லை. அந்தக் காலி இடத்தில் இரண்டாவது வட்டு ஒன்றை வைக்க வேண்டும் என்றாள். அது எதையும் கட்டுப்படுத்தாது. பார்த்ததைச் சொல்ல மட்டும் செய்யும். தலைவர் நல்ல மனிதர். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் அதைக் கடந்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை. சோதனைப் படிவம் வெப்பமானி காட்டும் எண்ணைத்தான் கேட்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நன்றாக ஓடும் பெட்டியைத் திறந்தால் காற்றை வெளியேற்றி நிலைக்குக் கொண்டுவரவே மூன்று நாள் ஆகும் என்றார். மேலிடத்துக்கு முப்பது என்று சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னார். உண்மையில் அதுதான் முதல் காரணம் என்பதை இருவரும் அறிவார்கள்.

"நமக்கு எதிரா சாட்சியை நாமளே தேடிப் போகணுமாம்மா?"

"எதிரா இல்லையான்னு அது வந்து சொல்லட்டும் சார். அது வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபின் மறுபடியும் துடைத்தார். கடைசியில், சோதனை நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டார்.

மெருகுக்காரர் அவ்வளவு எளிதில் விடவில்லை. முதல் வட்டுக்கே முதுகு போய்விட்டது என்றார். ஒன்பது நாள் ஆகும் என்றார். ஒன்பது என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து என்றார். அப்புறம் குரல் தாழ்ந்தது.

"என் வட்டு பொய் சொல்லுதுன்னு சொல்றீங்களா?"

"வட்டு பொய் சொல்லல. நல்லா இருக்கியான்னு அதைக் கேட்டோம், நல்லா இருக்கேன்னு சொல்லுச்சு. பெட்டி எப்படி இருக்குன்னு நாம யாரையுமே கேக்கல."

அவர் கொஞ்சம் யோசித்தார். பின்பு அலமாரியைத் திறந்து, முதல் வட்டை அறுத்த அதே படிகத்தின் மிச்சத்தைத் துணியிலிருந்து பிரித்தெடுத்தார். வைரத்தூள் பசையைக் குழைத்துக்கொண்டே, அன்று தேநீர் குடிக்காதது நல்லதாய்ப் போயிற்று என்று முணுமுணுத்தார்.

ஒன்பதாம் நாள் வட்டு வந்தது. அதைக் காலி இடத்தில் உட்கார்த்தி, பெட்டியை மூடி, காற்றை வெளியேற்றிக் காத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலை முழு ஓட்டம். அவள் இரண்டு எண்களையும் ஒரே திரையில் அடுத்தடுத்துப் போட்டு வைத்திருந்தாள். முதல் வட்டு முப்பது என்றது. சாட்சி வட்டு மூவாயிரத்து எண்ணூறு என்றது.

தலைவர் திரைக்கு அருகில் வந்து, தசமப்புள்ளி ஏதும் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மெருகுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். சாட்சி சொல்வது சரி என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அரைநாள் செலவழித்து, சாட்சி வட்டுக்குள் போகும் மங்கலான ஒளியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். எண்ணில் மாற்றமில்லை. இரட்டிப்பாக்கினாள். ஐந்தாறு நானோ அசைந்ததோடு சரி. சாட்சியை நம்பலாம் என்று குறிப்பேட்டில் எழுதி, நேரத்தையும் எழுதிக் கோடிட்டாள்.

இன்னும் பத்து நாள்.

முதலில் பெட்டியின் உறைகளைச் சந்தேகித்தாள். அங்கே குற்றமில்லை. அடுத்து வெப்பக் கம்பிகளை, அங்கேயும் இல்லை. மூன்று நாள் போனது. மதியச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டாள். தலைவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே போனார். கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

நான்காம் நாள், சாட்சிக்குச் செய்த சோதனையை முதல் வட்டுக்கும் செய்தால் என்ன என்று நினைத்தாள். குற்றம் சாட்டப்பட்டவனை விட்டுவிட்டுச் சாட்சியை மட்டும் குறுக்கு விசாரணை செய்திருக்கிறோம் என்று மெருகுக்காரரிடம் சொன்னாள். முதல் வட்டின் ஒளியைப் பாதியாகக் குறைத்தாள். முதல் வட்டு இமைகூட அசைக்கவில்லை. சாட்சி வட்டோ மேலே ஏறத் தொடங்கியது. நூறு, ஐந்நூறு, ஆயிரம். மேலும் ஏறியது. மெருகுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அளக்கப் போகும் ஒளியும் ஒளிதான். வட்டுக்குள் லட்சம் தடவை சுற்றும்போது வட்டைக் கொஞ்சம் சூடாக்கிவிடும். சாட்சிக்கு மங்கலான ஒளியே விட்டிருந்ததால் அது தப்பித்தது. அந்த ஒளி ஒரே சீராக இருந்தால் கேடில்லை. அது கூடியும் குறைந்தும் வந்தது. கூடினால் வட்டு சூடேறும்; கட்டுப்பாட்டுக் கருவி பெட்டி சூடேறிவிட்டது என்று நினைத்து முழுப் பெட்டியையும் குளிர விடும். குறைந்தால் முழுப் பெட்டியையும் சூடாக்கும். பொத்தான் அளவு வட்டு ஒன்றைச் சமமாக வைத்துக்கொள்வதற்காக வீடு முழுவதையும் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது அந்தக் கருவி. எவ்வளவு இறுக்கினார்களோ அவ்வளவு விசுவாசமாக ஆட்டிப் படைத்தது.

"மூணு வருஷமா நான் செஞ்ச வட்டுக்கு மட்டும் ஏசி போட்டுட்டு, வீட்டுல இருக்கறவங்களை வெயில்ல விட்டிருக்கோம்" என்றார் மெருகுக்காரர்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரிந்ததுதான். வட்டுக்குள் போகும் ஒளியில் ஒரு துளியைப் பிரித்து, மேசைமேல் வைத்த ஒளிக்கண் ஒன்றுக்கு அனுப்பினாள். கண் அதன் அளவைப் பார்த்து, கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ஒளியையும் பத்தில் ஒரு பங்காகத் தணித்தாள். சாட்சியின் எண் அறுநூற்று நாற்பதுக்கு இறங்கியது. ஒளிக்கண்ணின் மின்சுற்றை இரண்டு முறை மாற்றிக் கட்டினாள். இருநூற்றுப் பத்து. ஒளி செல்லும் இழையை மேசையோடு அசையாமல் பிணைத்தாள். எழுபத்துநான்கு. ஒளி தணிந்துவிட்டதால் முதல் வட்டின் பார்வை கொஞ்சம் மங்கியது. அது தன் எண்ணை முப்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு உயர்த்திக்கொண்டது. நன்றாக இருந்த எண்ணையும் கெடுத்துவிட்டாயே என்று தலைவர் ஒரு நிமிடம் உண்மையிலேயே வருந்தினார்.

சோதனைக்கு முந்தைய நாள் எழுபத்துநான்கு இரண்டாம் முறையும் வந்தது. அவள் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த அங்கிகளுக்குக் கை வைத்துக் கொடுத்தாள். நாத்தனார் ஒவ்வொரு கையையும் எஃகு அளவுகோலால் அளந்து, நேராக இல்லை என்று இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சோதனை அதிகாரி சிக்கனமாகப் பேசுபவர். சொந்தப் பேனாவும் சொந்த மெத்தையும் கொண்டுவந்திருந்தார். மெத்தையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, படிவத்தை மேசையில் சதுரமாக வைத்தார். எட்டு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. பன்னிரண்டு மணிவரை சாட்சி ஐம்பதைத் தாண்டவில்லை. பன்னிரண்டேகாலுக்குத் தலைவர் மேலிடத்தாரை அழைத்துக்கொண்டு வந்தார். பதினொரு பேர். இருபது நாள் மனத்தில் சுமந்த பாரத்தை இறக்கிவைக்கும் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. விளக்குகளையெல்லாம் போடச் சொன்னார். வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்று மரியாதையாகத் தலையசைத்தார்கள். நாற்பது நிமிடம் நின்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல அவளுக்கு வாய் வந்தது, வார்த்தை வரவில்லை. அது அவள் தவறு. அப்படித்தான் அவளும் பின்னர் குறிப்பேட்டில் எழுதினாள்.

இரண்டு மணிக்கு முதல் வட்டு நாற்பத்தொன்றில் நின்றது. சாட்சி வட்டு நூற்றுப்பன்னிரண்டில் நின்றது.

தலைவர் அவளைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் அழைத்துப்போனார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்.

"பாரும்மா, படிவத்துல வெப்பமானி காட்டும் அளவுன்னுதான் போட்டிருக்கு. எந்த வெப்பமானின்னு போடல. நாற்பத்தொண்ணும் வெப்பமானி காட்டினதுதான். பொய்யில்லையே."

"கடிகாரக்காரங்க தண்டை எங்க சார் வைப்பாங்க?"

அவர் ஓடும் தண்ணீரில் கையை நீட்டினார்.

"சாட்சி உக்காந்திருக்கற இடத்துல வைப்பாங்க. அங்க நூத்திப்பன்னிரண்டு. கையெழுத்து என்னோடது சார்."

அவர் குழாயை மூடினார். அவள் திரும்பி வந்து, படிவத்தில் கேட்டிருந்த ஒரே கட்டத்தில் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதினாள். எண்ணாலும் எழுதினாள், எழுத்தாலும் எழுதினாள். சோதனை அதிகாரி அதைப் படித்தார். நூறுக்கு மேல் என்றால் தேறவில்லை என்று பொருள் என்றார். தெரியும் என்றாள்.

விதி ஒன்று இருந்தது. பிழைக்குக் காரணம் இன்னது என்றும், அதை நீக்கினால் எந்த எண்ணுக்குள் வரும் என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மறுநாள் ஒரே ஒரு முறை மீண்டும் ஓட்டலாம். எழுதியது பலிக்காவிட்டால் பெட்டி நிராகரிக்கப்படும், மறுபேச்சு இல்லை. இதுவரை யாரும் அந்த விதியைக் கேட்டதில்லை என்று அதிகாரி சொன்னார். காத்திருந்து நிதானமாக ஆராய்ந்து நாற்பது நாளில் வேறொரு தேதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் அன்று பேசிய நீண்ட வாக்கியம் அதுதான்.

அவள் அறைச்சூட்டின் ஏற்ற இறக்கத்தை வரைந்த கோட்டை எடுத்துச் சாட்சியின் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டேகாலுக்கு இரண்டும் ஒன்றாக எழும்பின. கூட்டம் கலைந்தபின் இரண்டும் ஒன்றாக இறங்கின. பெட்டிக்கு எட்டு உறை. அதற்குக் கூட்டம் வந்ததே தெரியாது. ஆனால் ஒளிக்கண் உறையில்லாமல் மேசைமேல் இருந்தது. பதினொரு மனிதர்களின் உடற்சூடு அதற்கு உறைத்திருக்கிறது. அது ஒளியைத் தவறாக அளந்திருக்கிறது.

தாளை எடுத்து எழுதினாள். காரணம்: ஒளிக்கண் அருகே மனிதர் நின்றது. அறையில் ஆளில்லாவிட்டால்: எண்பதுக்குள். பேனா எண்பதில் ஒரு கணம் நின்றது. தொண்ணூற்றொன்பது என்று எழுதினாலும் விதிக்குப் போதும். ஆனால் அவள் இரண்டு முறை கண்டது எழுபத்துநான்கு; காணாததை எழுத அவளுக்குப் பழக்கமில்லை. கையெழுத்திட்டு, தாளை உறையிலிட்டு அதிகாரியிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறையைப் பூட்டினார்கள். கதவுக்கு அடியில் கம்பியை இழுத்து, திரையை நடைபாதையில் ஒரு முக்காலிமேல் வைத்தார்கள். அதிகாரி தம் மெத்தையோடு சுவரோரம் உட்கார்ந்தார். மெருகுக்காரர் எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் உட்காரவில்லை; கதவுக்கு முன்னால் நின்றார். துப்புரவுப் பணியாளரைத் திருப்பி அனுப்பினார். மின்பணியாளரைத் திருப்பி அனுப்பினார். பதினோரு மணிக்கு மேலிடத்தார் இருவர் முடிவைத் தெரிந்துகொள்ள வந்தபோது, கையை அகல விரித்து, நேற்று நீங்கள் கொடுத்த சூடே போதும் என்று சிரிக்காமல் சொன்னார். இருபது ஆண்டில் அவர் யாரையும் பகைத்துக்கொண்டு அவள் பார்த்தது அன்றுதான்.

பன்னிரண்டேகால் வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பார்த்தாள். எண்பதைத் தாண்டினால் பெட்டி போயிற்று. அதோடு தன் பெயரும் போகும். ஆனால் போவது சரியான காரணத்துக்காக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததால் ஆறுதல் எதுவும் வரவில்லை. மெருகுக்காரர்தான் எண்களை மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஒரு மணிக்கு அறுபத்தொன்று. அப்புறம் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு மணிக்கு அதிகாரி எழுந்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அறுபத்தாறு.

தலைவர் கதவில் சாய்ந்தார். அதிகாரி உறையைப் பிரித்து, எண்பது என்று எழுதியிருந்ததைப் படித்து, படிவத்தில் நேற்றைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள், எண்ணை அடிக்கவில்லை.

"ரெண்டும் இருக்கட்டும் சார்."

"கட்டம் ஒண்ணுதானேம்மா இருக்கு."

"பெட்டி ஒண்ணுதான். அறை ரெண்டு விதமா இருந்துச்சு. அவங்க இடத்துல ஆள் நடமாட்டம் இருந்தா நூத்திப்பன்னிரண்டுதான் கிடைக்கும். அது தெரியாம எடுத்துட்டுப் போகக் கூடாது."

அதிகாரி படிவத்தை உற்றுப் பார்த்தார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கதவுக்காவல் நினைவுக்கு வந்தவர் போல நிறுத்திக்கொண்டார். நடைபாதையின் கோடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"முதல் வட்டு காட்டின எண்ணு? அதையும் போடணுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"அது வேண்டாம் சார். அது தன்னைப் பத்தித் தானே சொன்னது."

அவர் வாயோரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். தேறியது என்று எழுதினார். ஆளில்லாத அறையில் மட்டும் என்று சேர்த்து எழுதினார். பின்பு, கட்டத்தை இரண்டாகப் பிரிக்க ஒரு கோடு போட வேண்டும், அளவுகோல் இருந்தால் கொடுங்கள் என்றார்.

அவள் பையில் கையைவிட்டுத் துழாவினாள். சாவி, கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு. எஃகு அளவுகோல் இல்லை. அது தையல் மேசையிலேயே இருந்தது. நாத்தனார் அதைத் திருப்பித் தருவதாக இல்லை. மெருகுக்காரர் எழுந்து, சாட்சி வட்டு வந்த சிறிய மரப்பெட்டியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதன் ஓரம் நேரானதா என்று அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரியிடம் கொடுத்தாள்.